செலவாகாத பொற்காசு

ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவலில் ஒரு பொற்காசு ஏறத்தாழ நூறு அத்தியாயங்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பீக்வாட் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவன் ஆகாப், 36ஆம் அத்தியாயத்தில் ஒரு மாலை நேரம் மாலுமிகள் எல்லோரையும் மேல்தளத்துக்கு வரவழைத்து, அந்தக் காசை நடுப் பாய்மரத்தில் ஆணியடித்து வைக்கிறான். சுருங்கிய நெற்றியும் கோணல் தாடையும் வெள்ளைத் தலையும் கொண்ட ஒரு திமிங்கிலத்தை, வாலின் வலப்புறத்தில் மூன்று துளைகள் உள்ள அந்த ஒன்றை, முதலில் கண்டு குரல் கொடுப்பவனுக்கு இந்தக் காசு பரிசு என்று அறிவிக்கிறான். 1851இல் லண்டனிலும் நியூயார்க்கிலும் நாவல் வெளிவந்தபோது இந்தக் காட்சி பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டில் மெல்வில் மறுபடி வாசிக்கப்பட்ட பிறகுதான் காசு விமரிசகர்களின் கையில் சிக்கியது. அன்றிலிருந்து அதற்கு இரண்டு வகை வாசிப்புகள். ஒரு சாரார் அதைத் தூண்டில் இரையாகப் பார்த்து, 36ஆம் அத்தியாயத்தோடு அதன் வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு 99ஆம் அத்தியாயமே எல்லாம். அங்கே ஒவ்வொருவரும் காசின் முன் வந்து நின்று தன் மனம்போல் பொருள் சொல்வதால், அதை ‘வாசிப்பு’ பற்றிய உருவகமாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் தனித்தனியே வைத்தால் காசு பாதிதான் புரியும் என்பது என் எண்ணம். கொடுப்பதாகச் சொல்லி யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த பரிசு அது. அதன் குறியீட்டு வலிமை முழுவதும் அந்தக் கொடாமையிலிருந்து வந்தது.

முதலில் கூலிக் கணக்கைப் பார்க்க வேண்டும். விமரிசகர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான்டக்கெட் துறைமுகத்தின் வேட்டைக் கப்பல்களில் மாதச் சம்பளம் கிடையாது. பயணம் முடிந்து, எண்ணெய் விற்று, செலவு கழித்து வரும் நிகர வருமானத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. நாவலின் 16ஆம் அத்தியாயம் இந்தப் பேரத்தை விலாவாரியாகக் காட்டுகிறது. கதைசொல்லியான தோள் அகன்ற இஸ்மவேல் தனக்கு 275இல் ஒரு பங்காவது கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போகிறான். கப்பலின் பங்குதாரரான கிழவர் பில்தாத், வேதப்புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே 777இல் ஒன்று என்கிறார். கூட்டாளி பேலேக் சண்டை போட்டு 300இல் ஒன்று என்று எழுதிக்கொடுக்கிறார். ஈட்டி எறிவதில் கைதேர்ந்த குவீக்வெக்குக்கு 90இல் ஒன்று. மெல்வில்லுக்கு இது ஏட்டறிவு அல்ல. 1841 ஜனவரியில் ‘அகுஷ்நெட்’ என்ற வேட்டைக் கப்பலில் ஏறியபோது அவருடைய பங்கு 175இல் ஒன்று. அடுத்த ஆண்டு ஜூலையில் மார்க்கேசஸ் தீவுகளில் நுக்கு ஹிவாவில் கப்பலை விட்டு ஓடினார். ஓடியவனுக்குப் பங்கு கிடையாது. ஒரு பயணத்தில் 30,000 டாலர் நிகரமாகத் தேறியது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இஸ்மவேலின் பங்கு 100 டாலர், அதுவும் மூன்று வருடத்துக்கு. மாதம் மூன்று டாலர்கூட ஆகாது. கப்பலில் கடனாக வாங்கிய சட்டையும் புகையிலையும் அதில்தான் கழியும். ஆகாப் ஆணியடித்த காசின் மதிப்பு 16 டாலர். இஸ்மவேலின் நிலையில் உள்ளவனுக்கு அது கிட்டத்தட்ட ஆறு மாத உழைப்பு. ஒரே ஒரு கூக்குரலுக்கு, ரொக்கமாக.

அயல்நாட்டுக் காசுதானே, அமெரிக்க மாலுமிக்கு அதன் மதிப்பு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். 1857ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை ஸ்பானிய, தென்னமெரிக்க நாணயங்கள் அமெரிக்காவில் சட்டப்படி செல்லுபடியாயின. நாவலின் முதல் வாசகனுக்கு டப்ளூன் என்ற இந்த வகைக் காசு புதையல் கதைப் பொருள் மட்டுமல்ல, கடைத்தெருவில் மாறும் பணமும்கூட. எடை ஏறத்தாழ 27 கிராம். நம் கணக்கில் மூன்று பவுனுக்குச் சற்று மேல். ஆகாப் அதை ஸ்பானியத் தங்கம் என்கிறான். 99ஆம் அத்தியாயத்தில் கிட்டப் போய்ப் பார்க்கும்போதுதான் அது எக்வடோர் குடியரசின் காசு, கீட்டோ நகரில் அச்சிட்டது என்று தெரிகிறது. ஒரு மலையுச்சியில் தீ, இன்னொன்றில் கோபுரம், மூன்றாவதில் கூவும் சேவல். மேலே ராசி மண்டலத்தின் ஒரு வளைவு, துலா ராசியில் நுழையும் சூரியன். பூமியின் நடுக்கோட்டைப் பெயராகக் கொண்ட நாட்டின் காசு நடுப் பாய்மரத்தில் தொங்குகிறது. மெல்வில் இந்தப் பொருத்தத்தை ரசித்தே எழுதியிருக்கிறார்.

பங்கு முறைக்கும் பரிசுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் ஆகாபின் தந்திரம் இருக்கிறது. பங்கு முறையில் எந்தத் திமிங்கிலத்தை யார் கண்டாலும் எல்லோருக்கும் லாபம். சமையற்காரன் முதல் தலைவன்வரை, கரையில் ஒரு பலகையோ ஓர் ஆணியோ அளவு பங்கு வைத்திருக்கும் விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும்வரை, எல்லோரும் ஒரே எண்ணெயை நம்பி இருக்கிறார்கள். பரிசு இதைத் தலைகீழாக்குகிறது: ஒரே திமிங்கிலம், ஒரே கண், ஒரே சொந்தக்காரன். அந்தத் திமிங்கிலத்தால் எத்தனை பீப்பாய் எண்ணெய் தேறும் என்ற கேள்விக்கு இதில் இடமே இல்லை. அந்தக் கேள்வியைக் கப்பலில் ஒருவன் கேட்கிறான். முதல் மேட் ஸ்டார்பக். பழிவாங்குவது நான்டக்கெட் சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்கிறான். காசுதான் அளவுகோல் என்றால் என் பழிக்கு இங்கே நல்ல விலை உண்டு என்ற பொருளில் ஆகாப் தன் மார்பில் அடித்துக்காட்டுகிறான். முதலாளிகளின் கப்பலை ஒருவன் தன் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும் நொடி இது. அதைச் சாதிக்க அவன் செய்த செலவு 16 டாலர், அதுவும் கடைசிவரை கையைவிட்டுப் போகவில்லை.

மாலுமிகளை அசைத்தது காசல்ல, ஆகாபின் பேச்சுதான் என்று ஒரு மறுப்பு உண்டு. அந்த மாலையில் சாராயம் சுற்றிவருகிறது. ஈட்டிக்காரர்கள் ஈட்டிமுனையின் குழியிலிருந்தே குடித்துச் சூளுரைக்கிறார்கள். தலைவனின் குரல் கேட்டு ஒரு கப்பலே வெறி கொள்கிறது. இதற்கு முன் 16 டாலர் எம்மாத்திரம்? மறுப்பு வலுவானதுதான். ஆனால் காட்சியின் வரிசையைக் கவனித்தால் அது தளர்ந்துவிடுகிறது. ஆகாப் முதலில் தொழில் பற்றிய எளிய கேள்விகளை வீசுகிறான்: திமிங்கிலத்தைக் கண்டால் என்ன செய்வீர்கள், அடுத்து என்ன செய்வீர்கள் என்று. அவர்கள் கத்திப் பதில் சொல்லிச் சூடேறிய பிறகு காசை வெயிலில் தூக்கிக்காட்டி விலையைச் சொல்கிறான். சம்மட்டி வரும்வரை, சொல்லில்லாத ஏதோ ஒரு ராகத்தை முனகிக்கொண்டே, காசைத் தன் அங்கியின் ஓரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்குகிறான். ஆணி இறங்கியதும் ஆரவாரம். அதுவரை அவன் திமிங்கிலத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அங்க அடையாளங்களை வைத்து ஈட்டிக்காரர்களான டாஷ்டெகோ, டக்கூ, குவீக்வெக் மூவரும்தான் அடையாளம் காண்கிறார்கள். ஆகாபின் காலைப் பறித்தது அந்தத் திமிங்கிலம்தானா என்று ஸ்டார்பக் கேட்ட பிறகே பழியின் கதை வெளிவருகிறது. பேரத்துக்குத் தலையாட்டிய பிறகுதான் நோக்கம் சொல்லப்படுகிறது. வேட்டைக் கப்பல்களில் முதலில் திமிங்கிலத்தைக் காண்பவனுக்குப் புகையிலையோ சிறு தொகையோ கொடுப்பது வழக்கமாக இருந்ததால், காசை யாரும் சந்தேகிக்கவில்லை. பேச்சின் மயக்கம் உண்மை. ஆனால் பழகிய ஒரு தொழில் வழக்கத்தின் போர்வையில்தான் அந்த மயக்கம் உள்ளே நுழைந்தது.

மெல்வில்லுக்கு இந்தக் கணக்கெல்லாம் மனதில் இருந்ததா, நாம்தான் ஏற்றிச் சொல்கிறோமா? இந்த ஐயத்துக்கு 46ஆம் அத்தியாயம் பதில். அங்கே ஆகாபின் சிந்தனை நமக்குத் திறந்துகாட்டப்படுகிறது. சிலுவைப் போருக்குப் போன வீரர்கள்கூட வழியில் திருட்டும் சில்லறை லாபமும் இல்லாமல் இரண்டாயிரம் மைல் நடந்திருக்க மாட்டார்கள் என்று அவன் நினைக்கிறான். வெறி இன்று இருக்கும், மாதங்கள் ஓடினால் வற்றிவிடும்; பண ஆசையை அடியோடு அறுத்தால் அதே பணம் தன்னைப் பதவியிலிருந்து இறக்கிவிடும் என்று அஞ்சுகிறான். அதோடு, கப்பலின் நோக்கத்தைத் தன்னிச்சையாக மாற்றியதால் தான் அபகரிப்புக் குற்றத்துக்கு ஆளாகியிருப்பதும், மாலுமிகள் சட்டப்படியே கீழ்ப்படிய மறுக்கலாம் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே வழக்கமான வேட்டையையும் விடாமல் நடத்துகிறான். 109ஆம் அத்தியாயத்தில் எண்ணெய்ப் பீப்பாய்கள் கசிகின்றன என்று ஸ்டார்பக் சொல்லும்போது, ஒழுகட்டும் என்று சீறித் துப்பாக்கியை நீட்டியவன், சற்று நேரத்தில் மனம் மாறிப் பீப்பாய்களை மேலே ஏற்றச் சொல்வதும் இந்தப் பயத்தால்தான் என்று படுகிறது. விமரிசகர் சி.எல்.ஆர். ஜேம்ஸ், எல்லிஸ் தீவில் காவலில் இருந்தபோது எழுதி 1953இல் வெளியிட்ட நூலில், கப்பலில் உழைப்பவர்களை நாவலின் மையத்துக்குக் கொண்டுவந்தார். அந்தப் பாதையில் இன்னும் ஓரடி வைத்தால் காசு வெறும் அலங்காரமாகத் தெரியாது. கூலி ஒப்பந்தத்தின் மேல் ஒட்டிய இன்னொரு ஒப்பந்தமாகத் தெரியும்.

இனி 99ஆம் அத்தியாயம். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கும் களிம்பேறிய செம்பு ஆணிகளுக்கும் நடுவே காசு மாசில்லாமல் மின்னுகிறது. முரட்டுக் கூட்டம், இருட்டான இரவுகள். யாரும் அதைத் தொடவில்லை. வெள்ளைத் திமிங்கிலத்தின் தாயத்துபோல அதை மதிக்கிறார்கள். இரவுக் காவலில், அது கடைசியில் யாருக்குப் போகும், பெற்றவன் அதைச் செலவழிக்க உயிரோடு இருப்பானா என்று பேசிக்கொள்கிறார்கள். முதல் நாள் அது வெறும் 16 டாலர். யார் கைக்கும் போகாமல் மாதக்கணக்கில் எதிரே நின்ற பிறகு அதில் முகங்களும் விதிகளும் தெரியத் தொடங்குகின்றன. பணத்தின் வேலை கைமாறுவது. கைமாற முடியாத பணத்தை என்ன செய்வது? பார்க்கலாம், அவ்வளவுதான். ஆகாப் கோபுரத்திலும் எரிமலையிலும் சேவலிலும் தன்னையே காண்கிறான். ஸ்டார்பக் மலைகளில் திரித்துவத்தையும் பள்ளத்தாக்கில் மரணத்தையும் காண்கிறான். ஆகாப் அதைப் படிப்பதைப் பார்த்து, பெல்ஷாத்சார் அரசனின் சுவரில் எழுதிய கையை நினைத்துக்கொள்கிறான். இரண்டாம் மேட் ஸ்டப் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து, மேஷம் முதல் மீனம்வரை மனித வாழ்க்கைக்கு ஒரு ஜாதகமே சொல்லிவிடுகிறான். குவீக்வெக் தன் தொடையில் பச்சைகுத்திய குறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறான். ஆகாபின் படகு ஈட்டிக்காரன் ஃபெதல்லா சூரியனுக்குக் கும்பிடு போடுகிறான். இவர்களில் பலரும் அந்தக் காசை முதல் நாளே வெயிலில் பார்த்தவர்கள்; அன்று யாருக்கும் இந்தப் பொருள்கள் தோன்றவில்லை.

இங்கேதான் பொருள்வாதம் பேசும் வாசகனுக்கு எதிரான வலுவான வாதம் எழுகிறது. ஆளுக்கொரு பொருள் என்றால், எந்தப் பொருளும் நிலையானதல்ல என்பதே மெல்வில் சொல்ல வந்தது. கூலிக் கணக்கும் அந்தப் பல பார்வைகளில் ஒன்று. அதை மட்டும் ஏன் அடிப்படை என்று பிடித்துக்கொள்ள வேண்டும்? இரண்டாண்டு, மூன்றாண்டுக் கடல் வாழ்க்கையில் எல்லாப் பார்வைக்கும் சம உரிமை உண்டு என்பது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தியாயம் அப்படி நடுநிலையாக இல்லை. மூன்றாவது மேட் ஃபிளாஸ்க்கைப் பாருங்கள். அவனுக்கு ராசியும் இல்லை, மலையும் இல்லை. தங்கத்தாலான ஒரு வட்டம், விலை 16 டாலர். சுருட்டு ஒன்று இரண்டு சென்ட் என்றால் 960 சுருட்டு என்று கணக்குப் போட்டு, திமிங்கிலத்தைத் தேட உற்சாகமாக ஏறிப்போகிறான். 1,600 சென்ட்டில் இரண்டு சென்ட் சுருட்டு 800தான் வரும். பிழை மெல்வில்லுடையதா, பாத்திரத்துடையதா என்று தீர்ப்புச் சொல்ல வழியில்லை. நான் அதை ஃபிளாஸ்க்கின் பேரிலேயே எழுதிவைக்கிறேன். குறியீடு எதுவும் வேண்டாம் என்று பணத்தைப் பணமாகவே பார்ப்பவனும் இல்லாத 160 சுருட்டுகளைக் காண்கிறான். கையில் வராத தொகை கணக்கில் ஊதிக்கொண்டே போவது அவனிடம் மட்டும் உள்ள குணம் அல்ல.

கடைசியாக வருபவன் பிப். கடலில் தனியே விடப்பட்டுப் புத்தி பேதலித்த கறுப்பினச் சிறுவன். பார்ப்பவர்களை எல்லாம் பார்த்துவிட்டு, இலக்கணப் பாடத்தின் வினைத்திரிபைப்போல நான் பார்க்கிறேன், நீ பார்க்கிறாய், அவன் பார்க்கிறான் என்று ஒப்பிக்கிறான். பல பார்வை வாதக்காரர்களுக்குப் பிடித்த இடம் இது. தங்கள் கோட்பாடே இந்த மூன்று வாக்கியங்களில் அடங்கிவிட்டதாக அவர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகு பிப் சொல்வதை அவர்கள் அவ்வளவு மேற்கோள் காட்டுவதில்லை. இந்தக் காசு கப்பலின் தொப்புள் என்கிறான். எல்லோரும் அதைத் திருகிக் கழற்றத் துடிக்கிறார்கள், கழற்றினால் என்ன ஆகும் என்று கேட்கிறான். பாய்மரத்தில் எதையாவது ஆணியடித்தால் நிலைமை கைமீறிப்போகிறது என்று பொருள் என்கிறான். தன் அப்பா வெட்டிய ஒரு பைன் மரத்துக்குள் யாரோ கறுப்பினத்தவருடைய பழைய மோதிரம் ஒன்று புதைந்து வளர்ந்திருந்ததைச் சொல்லி, இந்தப் பாய்மரத்தையும் ஒருநாள் கடலிலிருந்து எடுப்பவர்கள் உள்ளே காசைக் கண்டு வியப்பார்கள் என்கிறான். மற்றவர்கள் காசில் இருக்கும் படங்களைப் படித்தார்கள். பிப் ஆணியைப் படித்தான். கொடுக்கப்படாத பரிசு கப்பலோடு சேர்ந்தே மூழ்கும் என்பதை முன்கூட்டிச் சொன்னவன் அவன் ஒருவனே. அவன் சொல்லுக்கும் ஃபிளாஸ்க்கின் சுருட்டுக்கும் ஒரே எடை என்று சொல்வதற்கு நாவலின் முடிவு இடம் தரவில்லை.

பரிசு எப்படி முடிந்தது என்பதில் வாதத்தின் கடைசிச் சான்று இருக்கிறது. 130ஆம் அத்தியாயத்தில் ஆகாபுக்கு ஆட்கள்மேல் நம்பிக்கை குறைகிறது. ஸ்டப்பும் ஃபிளாஸ்க்கும்கூடத் திமிங்கிலத்தைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடலாம் என்று சந்தேகிக்கிறான். காசு எனக்குத்தான் என்று சொல்லி, கயிற்றுக் கூடையில் தன்னையே மேலே ஏற்றச் செய்கிறான். ஊக்குவிக்கத் தொங்கவிட்ட பரிசை, அறிவித்தவனே நம்பவில்லை. துரத்தலின் முதல் நாளில் (அத்தியாயம் 133) அவனும் டாஷ்டெகோவும் ஏறக்குறைய ஒரே கணத்தில் குரல் கொடுக்கிறார்கள். கிட்டத்தட்ட அதே நொடியில் தானும் கண்டு கத்தியதாக டாஷ்டெகோ சொல்ல, அதே நொடி இல்லை, விதி இதை எனக்காக வைத்திருந்தது என்று ஆகாப் தீர்ப்பளித்துவிடுகிறான். போட்டியாளனே நடுவர். கடல் வரலாற்றில் இதற்குப் புகழ்பெற்ற முன்னோடி உண்டு. முதலில் நிலம் காண்பவனுக்கு ஆண்டுக்கு 10,000 மரவேதி ஓய்வூதியம் என்று ஸ்பானிய அரசர்கள் வாக்களித்திருந்தார்கள். 1492 அக்டோபர் 12 அதிகாலையில் ‘பின்டா’ கப்பலிலிருந்து நிலம் கண்டு குரல் கொடுத்தவர் ரோட்ரிகோ தெ த்ரியானா. முந்தைய இரவே தான் ஒரு வெளிச்சம் பார்த்ததாகச் சொல்லி அந்தப் பரிசைக் கொலம்பஸ் எடுத்துக்கொண்டார். மெல்வில் இதை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் வாதாடவில்லை. பாய்மர உச்சியில் கண்விழிப்பவனுக்கும் கீழே உத்தரவிடுபவனுக்கும் இடையில் பரிசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இரண்டு கப்பல்களும் ஒரே மாதிரி காட்டுகின்றன.

ஆகாப் கஞ்சன் அல்லவே, துரத்தலின் முதல் நாள் மாலையே காசைத் திரும்பக் கொடுத்துவிட்டானே என்று அவனுக்காகப் பேசுவோர் உண்டு. அவன் சொன்னதைச் சரியாகப் பார்ப்போம். காசு என்னுடையது, சம்பாதித்துவிட்டேன். இருந்தாலும் திமிங்கிலம் சாகும்வரை இங்கேயே இருக்கட்டும். அது கொல்லப்படும் நாளில் யார் முதலில் காண்கிறானோ அவனுக்கு இது. அன்றும் நானே முதலில் கண்டால், இதைப்போல் பத்து மடங்கைப் பிரித்துக் கொடுக்கிறேன். தாராளமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் முதல் அறிவிப்பில் கண்டாலே போதும் என்றிருந்த நிபந்தனை, இப்போது கொன்றால்தான் என்று இறுகியிருக்கிறது. பத்து மடங்கு என்பது 160 டாலர். கப்பலில் சுமார் முப்பது பேர். ஆளுக்கு ஐந்து டாலரும் சில்லறையும். அதற்கு எதிரே அந்தத் துரத்தலில் பணயம் வைக்கப்பட்டது, கப்பலின் அடித்தட்டில் அதுவரை சேர்ந்திருந்த எண்ணெய் முழுவதும், அதாவது எல்லோருடைய பங்கும். மூன்றாம் நாள் முதலில் நீர்த்தாரையைக் கண்டவன் ஆகாப்தான். அவன் கண்ட உடனேதான் மூன்று பாய்மர உச்சிகளிலிருந்தும் குரல் எழுந்தது. அவன் போட்ட ஷரத்துப்படி பத்து மடங்கு தரவேண்டிய நிலை வந்துவிட்டது, திமிங்கிலம் மட்டும் செத்திருந்தால். அது சாகவில்லை. ஆகவே காசு டாஷ்டெகோவுக்கும் இல்லை, ஆகாபுக்கும் இல்லை, 160 டாலர் பாக்கியும் யாருக்கும் இல்லை. பிழைத்து வந்த இஸ்மவேலின் பெயரில் 300இல் ஒரு பங்கு மட்டும் கணக்கில் இருந்தது, விற்க எண்ணெய் இல்லாமல்.